படகு ஓடாத நாளில் சுட்ட பர்கர்

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு மார்கழி மாதத்தில், நயினாதீவில் இது நடந்தது. நான் இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் கணவர் இங்கே ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிறார். கோயில் மடைப்பள்ளியின் கூரை ஒழுகியதால் அந்த மாரி முழுவதும் நைவேத்தியத்தை எங்கள் வீட்டுக் குசினியில்தான் பொங்கினோம். ஆகவே அந்த நாட்களில் வெளியார் யாரையும் குசினிக்குள் விடுவதில்லை. அயல்வீட்டு அக்காகூட வாசலில் நின்றுதான் கதைத்துவிட்டுப் போவார். இதை யாரும் தவறாக எடுப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

ஒரு குருக்கள் வீட்டில் பர்கர் சுடுவது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் மகளால் வந்தது. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் சிநேகிதிகள் எல்லோரும் கடையில் பர்கர் சாப்பிடுவார்களாம். இவள் மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பாளாம். எங்கள் வீட்டில் இறைச்சி, முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் உள்ளியும்கூடக் கிடையாது. அவளுடைய கரைச்சல் தாங்காமல் கைபேசியில் வீடியோக்களைப் பார்த்து, எங்களுக்கு ஒத்துவராததை எல்லாம் கழித்து, நானே ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். அவித்த சாமையும் பயறும், நன்றாக வதக்கிய கீரை, ஒரு உருளைக்கிழங்கு, மிளகு, சீரகம். எல்லாம் ஒட்டிப்பிடிப்பதற்குக் குரக்கன் மா. வட்டமாகத் தட்டி, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கச் சுட வேண்டும். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு அதைச் செய்ய வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அன்று காலையில் வெயில் எறித்தது. புத்த விகாரைக்கும் அம்மன் கோயிலுக்கும் வந்த சனங்களை முதல் படகுகள் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கின. பத்து மணிபோல வாடைக்காற்று திடீரென்று உரத்தது, மழையும் பிடித்துக்கொண்டது. பிறகு படகு விடவில்லை. வந்தவர்கள் தீவில் மாட்டிக்கொண்டார்கள். மாரியில் இது புதினமில்லை. மடங்களில் சாப்பாடு கொடுப்பார்கள், படுக்க இடம் கொடுப்பார்கள், காற்று விழுந்ததும் போய்விடுவார்கள்.

பின்னேரம் கற்பூரம் வாங்குவதற்காகக் கடைக்குப் போயிருந்தேன். நனைந்த சேட்டோடு ஒருவர் வந்து, கடைக்காரரிடம் கொச்சைத் தமிழில் கேட்டார்.

“அண்ணை, பர்கர் மாதிரி சாமான் இருக்கா? பிள்ளைக்கு.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “பர்கரோ? இண்டைக்கு இஞ்சை பாணே வரேல்லை. படகு ஓடினால்தானே!”

அந்த மனிதர் சிரிக்கவில்லை. வெளியே, கடைத் தாழ்வாரத்தில் ஒரு பெண் பத்து வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளையைப் பின்னால் இருந்து இறுக்கிக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். பிள்ளை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அவர்கள் குருநாகல் பக்கத்துச் சிங்களக் குடும்பம். தகப்பன் சில காலம் வவுனியாவில் வேலை செய்தவர். அங்கே பழகிய தமிழ். பிள்ளைக்கு ஓட்டிசம் என்றார். அது கேள்விப்பட்ட சொல்தான், ஆனால் அப்படியொரு பிள்ளையை நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. பிள்ளை அவர்கள் ஊரில் உள்ள ஒரு கடையின் பர்கரைத் தவிர வேறொன்றும் சாப்பிட மாட்டாளாம். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று எண்ணி, அவளுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டைக் படகேறும் குறிகட்டுவான் துறையில், தாங்கள் வந்த வானுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மடத்துச் சோற்றை அவள் தொடவில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை அவளுடைய குளிசை. வலிப்புக்கான மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் கொடுத்ததைச் சத்தி எடுத்துவிட்டாள். பொழுதுபடும் நேரத்துக் குளிசையும் தங்காவிட்டால் வலிப்பு வரக்கூடும். முன்பொருமுறை அப்படி வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். இங்கே அப்படி ஏதாவது நடந்தால், அந்தக் கடலில் எப்படிக் கொண்டு போவது?

“வீட்டை வாங்கோ, நான் செய்து தாறன்,” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. செய்யத் தெரிந்ததால் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாய் செய்த முதல் காரியம், யாரும் சொல்லாமலே கிணற்றடிக்குப் போய்த் தன் காலையும் பிள்ளையின் காலையும் கழுவியது. அவர்களை விறாந்தையில் பாயில் இருத்திவிட்டு நான் அடுப்பை மூட்டினேன். சாமையும் பயறும் அவிந்துகொண்டிருக்கும்போதே வேலியோரத்து முளைக்கீரையைப் பிடுங்கி வந்து அரிந்தேன். அவசரம். மழையில் ஊறிய கீரையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று நான் யோசிக்கவில்லை. கல்லில் போட்டதும் வட்டங்கள் எல்லாம் இளகி, பிளந்து, கடைசியில் ஒரு களியாகக் கிடந்தன. அதை வழித்து ஒதுக்கிவிட்டு, முருங்கையிலை உருவி, ஈரம் வற்றும்வரை வெறுந்தாச்சியில் வறுத்து, மீண்டும் குழைத்தேன். பணிஸுக்குப் பதிலாகக் குரக்கனும் கோதுமை மாவும் கலந்து, கொஞ்சம் அப்பச்சோடா சேர்த்து, தடித்த ரொட்டி தட்டி, தகரப் பேணியின் வாயால் வட்டம் வெட்டினேன்.

கல்லில் எண்ணெய் சீறிய சத்தத்துக்குப் பிள்ளை எழுந்து வந்துவிட்டாள். காதிலிருந்து கைகளை எடுத்திருந்தாள். குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். நான் கையை நீட்டி வாசலை மறித்தேன். கோபத்தில் அல்ல, பழக்கத்தில். என் கை தானாக அப்படிப் போயிற்று. தாய் ஓடிவந்து, என்னைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறவள் போல ஏதோ சொல்லி, பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை கத்தவில்லை. விறாந்தைத் தூணில் நெற்றியை இடிக்கத் தொடங்கினாள். தாய் தன் உள்ளங்கையைத் தூணுக்கும் நெற்றிக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

பர்கர் நன்றாகத்தான் வந்திருந்தது. தக்காளியும் முட்டைக்கோவா இலையும் நடுவில் வைத்து, தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை ஒரு தடவை பார்த்தாள்.

“எப்பா,” என்றாள். சிங்களத்தில் வேண்டாம் என்று அர்த்தம். தட்டைத் தள்ளிவிட்டாள். ரொட்டி ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கமாக நிலத்தில் சிதறின.

தாய் அழத் தொடங்கினாள். தகப்பன் குனிந்து சிந்தியதைப் பொறுக்கியபடியே விளக்கினார். அந்தக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் செய்வார்களாம். ஒவ்வொன்றாக அடுக்குவதை இவள் முதலிலிருந்து பார்ப்பாளாம். தான் பார்க்காமல் செய்ததை அவள் ஒருபோதும் சாப்பிட்டதில்லை.

“உங்கட வீடு வேற மாதிரி, தெரியும்,” என்றார். “பரவாயில்லை அம்மா. நாங்க போறம்.”

அப்போதுதான் என் கணவர் மாலைப் பூசை முடித்து நனைந்துகொண்டு வந்தார். நான் அவரைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு விறாந்தையை எட்டிப் பார்த்தார்.

“பிள்ளையை உள்ளுக்குக் கூப்பிடும்,” என்றார்.

“இஞ்சாருங்கோ, நாளைக்கு நைவேத்தியம்?”

“நான் கோயிலிலையே பொங்கிறன்.”

“மடைப்பள்ளி முழுக்க ஒழுகுது.”

“ஒழுகட்டும். ஒரு மூலையெண்டாலும் காயாமலோ கிடக்கும்? நீர் முதலிலை அடுப்பைப் பாரும்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஆசாரத்தில் என்னைவிடக் கண்டிப்பானவர் அவர்.

பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நான் வாசலை விட்டு விலகியதுமே உள்ளே வந்துவிட்டாள். அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றாள். நான் முதலிலிருந்து தொடங்கினேன். மிச்சக் கலவையை உருட்டி, தட்டி, கல்லில் போட்டேன். திருப்பினேன். ரொட்டியைச் சூடாக்கினேன். பிறகு ரொட்டி, அதன் மேல் இலை, இலைக்கு மேல் சுட்ட வட்டம், தக்காளி என்று அடுக்கினேன். பிள்ளை சட்டென்று வந்து தக்காளியை எடுத்தாள். வட்டத்தை எடுத்தாள். இலையை உருவினாள். எல்லாவற்றையும் தன் ஒழுங்கில் திரும்ப வைத்தாள்: வட்டம் அடியில், தக்காளி நடுவில், இலை மேலே. கடைசியில் மேல் ரொட்டியை வைத்து உள்ளங்கையால் ஒருமுறை அமத்தினாள்.

அதன் பிறகு நிலத்தில் அமர்ந்து சாப்பிட்டாள். கடையில் விற்கும் சிவப்புச் சோஸ் இல்லை, சீஸ் இல்லை, உள்ளே பச்சையாகத் தெரியும் முருங்கையிலை. எதையும் அவள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கடைசித் துண்டுவரை சாப்பிட்டுவிட்டு, கல்லின் முன்னால் மறுபடி போய் நின்றாள். இரண்டாவதும் செய்தேன், இம்முறை அவளுடைய ஒழுங்கில். தாய் குசினிக்குள் வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றபடியே குளிசையை நீட்டினாள். நான் வாங்கிக் கொடுத்தேன். அவள் விழுங்கினாள். நாங்கள் எல்லோரும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தி எடுக்கவில்லை.

அன்றிரவு அவர்கள் மடத்தில் தங்கினார்கள். காலையில் காற்று விழுந்து படகு ஓடியது. இறங்குதுறைக்குப் போகும் வழியில் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். தாய் என் இரண்டு கைகளையும் பிடித்தாள். பிள்ளை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குசினி வாசலுக்குப் போய், அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வழிக்கென்று நான் செய்து வைத்திருந்த பொட்டலத்தைத் தாய்தான் வாங்கிக்கொண்டாள். இது அவள் பார்க்காமல் செய்தது, சாப்பிட மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கொடுத்தேன், வாங்கினாள்.

என் கணவர் அன்று மடைப்பள்ளியில் குடையை ஒரு கல்லில் சாத்தி, அதற்குக் கீழே ஈர விறகை ஊதி ஊதிப் பொங்கியிருக்கிறார். பூசைக்குச் சுணங்கிவிட்டது. புகையில் கண் சிவந்துதான் வீட்டுக்கு வந்தார். சில நாட்களின் பின் அயல்வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டார்: “ஐயா, ஆரோ சிங்களப் பிள்ளையைக் குசினிக்குள்ளை விட்டனீங்களாமே?”

“ஓம். பசியோடை வந்தது,” என்றார் அவர்.

அக்கா தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

அந்தக் குடும்பம் போன அன்றே நான் குசினியை முழுவதும் கழுவினேன், மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். மா சிந்திக் கிடந்தது என்பதற்காகவா, வேறு காரணத்துக்காகவா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. நல்லவள் மாதிரி எழுதுவதற்காக இதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தகப்பன் தொலைபேசியில் எடுத்துச் செய்முறை கேட்டார். சொன்னேன். அங்கே சாமை உடனே கிடைக்கவில்லை, சிவப்பரிசியில் செய்தார்களாம். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாளாம். முதல் நாள் பாதி சாப்பிட்டாள், அடுத்த நாள் எறிந்துவிட்டாள், மூன்றாம் முறை முழுவதும் சாப்பிட்டாள் என்றார். அதற்குப் பிறகு தொடர்பில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வயிறு நிறையப் போட்டால் போதும், அதுதான் உபசாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கொடுக்கிறதை வாங்குவதற்கு முன் அது எப்படி உண்டாகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய மனிதர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இடம் விடுவதற்கு நான் ஒரு அடி விலகினால் போதும் என்பதை அந்தப் பிள்ளை ஒன்றையும் விளக்கிச் சொல்லாமலே எனக்குக் காட்டிவிட்டுப் போனாள்.