பத்து எண்ணும் வரை

அந்த ஓட்டலில் அவளுக்கு இஸ்திரியம்மா என்று பெயர். துணி தேய்க்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். அறைகளில் படுக்கை விரிப்பது அவள் வேலை. அவள் விரித்த படுக்கையில் மருந்துக்குக்கூட ஒரு சுருக்கம் இருக்காது என்பதால் வந்த பட்டப்பெயர் அது. ஒரு நாளைக்குப் பதினாறு அறை. ஒவ்வொரு மெத்தையின் நாலு மூலையையும் ஒரு கையால் தூக்கி, மறு கையால் விரிப்பை உள்ளே செருக வேண்டும். இருபத்திரண்டு வருஷம் குனிந்து குனிந்து மூலை தூக்கினால் முதுகு என்ன ஆகும்? ஆக வேண்டியது ஆனது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனாள்.

அவள் கணவர் சரக்குக் கிடங்கில் எண்ணிக்கை பார்த்தவர். லாரியிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணிச் சொல்வார். அவர் சொன்னதை யாரும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் எதிரே போகிற குடைகளை எண்ணுவார், மனிதருக்கு அப்படியொரு வியாதி. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. எண்கள் மட்டும் என்னவோ தங்கிவிட்டன. தண்ணீர் வேண்டுமென்றாலும் “மூணு”, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் “மூணு”. எந்த மூணு எது என்று அவளுக்குத் தெரியும். கோபம் வந்தால் “பதினெட்டு”. அதைக் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு நழுவிவிடுவாள்.

வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். ஆளோ நல்ல வாட்டசாட்டம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று நாளைக்கு ஆறேழு தடவை தூக்க வேண்டும். எட்டு மாதத்தில் அவள் முதுகு அடியோடு மக்கர் செய்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் வந்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தவள் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

“இப்படியே போனா உங்க ரெண்டு பேரையும் நான்தாம்மா தூக்கணும். அப்பாவைப் பராமரிப்பு இல்லத்துல சேத்துடலாம். இடம் இருக்கு, விசாரிச்சுட்டேன்.”

“அவர் பேசறது அங்க யாருக்குடி புரியும்?”

மகள் இப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். “சரி, மாசக் கடைசில வரேன். அப்ப நீ ஒண்டியா அவரைத் தூக்கி நாற்காலில உக்கார வெச்சுக் காட்டு. நான் வாயைத் தொறக்க மாட்டேன். முடியலன்னா நீ வாயைத் தொறக்கக் கூடாது.”

கல்நெஞ்சக்காரி இல்லை அவள். சொல்லிவிட்டுப் போய், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதுவரை தூக்கும்போது ஒரு கை பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் ஊருக்குக் கிளம்பினாள்.

மறுநாளே இஸ்திரியம்மா பிசியோதெரபி செய்கிற அம்மாளிடம் போனாள். அந்த அம்மாளுக்கு வாய் ஓயாது. “மாத்திரை கேக்காதீங்க, எங்கிட்ட கிடையாது. உங்க முதுகை உங்க உடம்புதான் தாங்கணும்” என்று சொல்லித் தரையில் படுக்க வைத்தாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை உயர்த்தி அப்படியே நிறுத்த வேண்டும், பத்து எண்ணும் வரை. அதுபோலப் பத்துத் தடவை, காலையும் மாலையும்.

“எண்ண வீட்ல ஆள் இருக்கா? தனியா எண்ணினா எல்லாரும் தன்னையே ஏமாத்திக்குவாங்க.”

“இருக்கார். எண்ணறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது.”

கட்டிலுக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்தாள். அவர் தலையைத் திருப்பி எண்ண ஆரம்பித்தார். ஒன்று முதல் பத்து வரை தடங்கலே இல்லாமல் வந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு வேலை கிடைத்த பெருமை அவர் முகத்தில் இருந்தது. அன்று இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

மூன்று வாரம் போனது. வலி கொஞ்சம்தான் குறைந்திருந்தது. பிசியோதெரபி அம்மாள் தன் கண்முன்னே செய்து காட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஆறு வருவதற்குள் இவள் இடுப்பு தரையில் விழுந்துவிட்டது.

“வீட்ல எப்படிப் பத்து வருது? உங்க வீட்டுக் கடிகாரத்துக்கு என்ன அவசரம்?”

வீட்டில் அவள் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. வழக்கமாக வலியில் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொள்வாள். பத்து என்று காதில் விழுந்தால் இறக்குவாள், அவ்வளவுதான். அன்று மாலை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கவனித்தாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு,” என்று வந்தவர் அவள் முகம் சுளிப்பதைப் பார்த்தார். “பத்து” என்றார்.

முப்பது வருஷத்தில் ஒரு பெட்டியைத் தவற விடாத மனிதர். அவளுக்கு வலிக்கிறதே என்று நடுவில் ஐந்து எண்ணை விழுங்கியிருக்கிறார். எத்தனை நாளாக என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

“என்னங்க நீங்க. எனக்கு வலிக்கட்டும், விடுங்க. வலி தாங்கினாத்தான் நீங்க இங்க இருக்க முடியும்.”

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். “பதினெட்டு” என்றார், குரலே இல்லாமல். அடுத்த வேளையிலிருந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு எண்ணினார். எட்டு, ஒன்பது வரும்போது குரல் நடுங்கும். ஆனாலும் முழுசாக எண்ணினார்.

மிச்சம் இருந்ததோ ஒன்பது நாள். மகள் வந்து வாசற்படியோரமாக நின்றாள். பிசியோதெரபி அம்மாள் சொல்லிக்கொடுத்தபடியே இஸ்திரியம்மா முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, அவரை மார்போடு அணைத்துத் தூக்கினாள். தூக்கியும்விட்டாள். நாற்காலிப் பக்கம் திரும்பும்போது முதுகில் சுரீரென்று பிடித்தது. அவள் முகம் அவர் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. பார்க்காமல் இருக்க அங்கே சுவர் இல்லை.

“பத்து” என்றார். “பத்து, பத்து.”

பத்து என்றால் இறக்கிப் பழகிப்போன உடம்பு அவர் சொன்னதைக் கேட்டுவிட்டது. அவரோடு சேர்ந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு எண் தாங்கியிருப்பேன் என்று பிறகு எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள். அப்போது வாயைத் திறக்கவில்லை. மகளும் திறக்கவில்லை, ஓடிவந்து இருவரையும் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவரை இல்லத்தில் சேர்த்தார்கள். இரண்டு மாதத்தில் அவருடைய இடது பக்கமும் தளர்ந்துபோக, இரண்டு ஆள் இல்லாமல் அசைக்கவே கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். தூக்க வேண்டியவர் இல்லாத வீட்டில் அவள் முதுகு மட்டும் நாளுக்கு நாள் தேறியது. இப்போது வலியே இல்லை. எதற்கு இந்த முதுகு என்று அவளுக்கு வெறுப்பாக வரும்.

பார்வை நேரம் நாலிலிருந்து ஐந்து. தினமும் போவாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்து இடுப்பை உயர்த்துவாள். அவருக்கு இன்னும் எண்கள் இருந்தன. முதல் நாள் பத்து வந்ததும் இறக்கப் போனாள். “பதினொண்ணு” என்றார். மறுபடி உயர்த்திக்கொண்டாள். பதினைந்து வரை போனார். மறுநாள் இருபது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. எண்ணி முடித்தால் அவள் எழுந்து போய்விடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நேற்று அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஐந்து மணி அடித்தது. பணிப்பெண் கதவைத் திறந்து தரையில் கிடந்தவளைப் பார்த்தாள்.

“நேரமாச்சும்மா.”

“இருங்கம்மா. இன்னும் பத்து வரலை” என்றாள், இடுப்பை இறக்காமல்.

“நாப்பத்தொண்ணு” என்றார் அவர். “நாப்பத்திரெண்டு.”