கட்டம் போட்டதெல்லாம் டேபிள் இல்லை

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் நாலைந்து பட்டறைகளுக்கு வெப் பக்கம் செய்துகொடுப்பது என் பிழைப்பு. பொம்மை செய்கிறவர்களுக்கும் நான்தான், ஃபியூஸ் கட்டை செய்கிறவர்களுக்கும் நான்தான். வேலையில் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. அதைக் கெடுத்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் அந்தப் பட்டறைகளில் ஒன்றில் சூளை மேஸ்திரி. சர்க்கரை வியாதி கண்ணைத் தொட்டுவிட்டது. ஆள் தெரியும், நெருப்பின் நிறம் தெரியும், எழுத்து மட்டும் கண்ணுக்குப் பிடிபடாது. சூளையில் மணிக்கொரு தரம் ஒவ்வொரு தட்டின் சூட்டையும் நோட்டில் குறித்து, அதை நான் செய்த பக்கத்தில் ஏற்றுவார்கள். அடுத்த சுடுதலுக்கு கேஸைக் கூட்டுவதா குறைப்பதா என்று மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். திரையில் இருப்பதைப் போனே வாசிக்கக் கேட்டு அவரே புரிந்துகொண்டால் சூளையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் கேட்டில் காவலுக்கு உட்காரட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். இருபது வருஷம் சூளையில் நின்ற மனுஷனைக் கேட்டில் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தைத் திறந்து போனை அவர் காதருகில் வைத்தேன். அது தலைப்புகளை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, எண்களை வரிசையாகக் கொட்டியது. எந்த எண் எந்த மணிக்கு, எந்தத் தட்டுக்கு என்று சொல்லவில்லை.

“இது எந்தத் தட்டு?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கோடு போட்டு, வண்ணம் தீட்டி, பார்த்தாலே தெரிகிற மாதிரி செய்து வைத்திருக்கிறேனே. பார்த்தால்தானே தெரியும் என்பது சற்றுப் பிறகுதான் உறைத்தது. நான் வைத்தது வெறும் பெட்டிகள். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதால் டேபிள் போலத் தெரிந்தது. போனுக்கு அது டேபிளே இல்லை.

உடனே எல்லாவற்றையும் டேபிளாக மாற்றினேன், பொம்மைப் படங்களையும் பட்டறை விலாசத்தையும்கூட. இப்போது போன், விலாசத்தை ஒன்றாம் வரிசை, ஒன்றாம் பத்தி என்று படித்தது. தெருப் பேருக்கு எதுக்குடி வரிசை என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எது டேபிள், எது இல்லை என்று இத்தனை வருஷம் எனக்கே தெரியாமல்தான் இந்த வேலையைச் செய்திருக்கிறேனா?

இரண்டு நாள் தலை சுற்றியது. விநாயகர் பொம்மையை மயில் பொம்மையின் இடத்துக்கு மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் கெடவில்லை. இடத்துக்காக அடுக்கியது அது, அவ்வளவுதான். சூட்டு எண்ணில் ஒன்றைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளினால் அது வேறு மணியின், வேறு தட்டின் சூடாகிவிடுகிறது. அந்த எண்ணுக்கு அர்த்தமே அதன் வரிசையும் பத்தியும் சேர்ந்து கொடுப்பது. அப்படியானால் ஆட்களின் ஷிஃப்ட் பட்டியல்? விலைப் பட்டியல்? மறுபடியும் குழம்பினேன். சூட்டுக் குறிப்பை மட்டும் ஒழுங்கான டேபிளாக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் பத்திக்கும் தலைப்பு இதுதான் என்று, பக்கத்துக்குப் பின்னால் போன் படிக்கிற டேக்கிலேயே எழுதிவிட்டு, மீதியைக் கலைத்தேன்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். முதலாளி ஒரு போனில் பார்த்துக்கொண்டார். இவர் இன்னொன்றில் கேட்டார். ஐந்து மணி, மேல்தட்டு, எழுநூற்றுப் பத்து. ஐந்து மணி, கீழ்த்தட்டு, எண்ணூற்று நாற்பது.

“இது தப்புங்க,” என்றார் இவர். “நம்ம சூளையில மேல்தட்டுதான் மொதல்ல சூடாவும். கீழ எப்பிடிங்க முந்திக்கிட்டு ஏறும்?”

கேட்டது இவருக்குப் புரியவில்லை என்று முதலாளி முடிவு கட்டிவிடுவார் என்று பயந்தேன். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, குறிப்பு எழுதுகிற அக்காவைக் கூப்பிட்டு நோட்டைக் கேட்டார்.

“கீழ இருந்துதான அடுக்குறோம், கீழ இருந்துதான எழுதுவோம்,” என்றார் அந்த அக்கா. நோட்டில் முதல் பத்தி கீழ்த்தட்டு. பக்கத்தை மேலிருந்து பார்க்கிற நான் முதல் தலைப்பாக ‘மேல்தட்டு’ என்று போட்டிருந்தேன். பட்டறையில் எல்லோருக்கும் முதல் பத்தி கீழ்த்தட்டு என்பது பழக்கம். மாதக்கணக்கில் ஒருவரும் தலைப்பைப் படிக்கவே இல்லை. காதால் கேட்டவர் ஒருவர்தான் படித்தார்.

முதலாளி நோட்டை மூடிவிட்டு இவரைப் பார்த்து, “நீங்க சூளைக்கே போங்க,” என்றார்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். மேல், கீழ் இரண்டையும் இடம் மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அழுகை முட்டியது. நான் சரியாகப் போட்டிருந்தால் அவர் வெறுமனே கேட்டுத் தலையாட்டியிருப்பார். புரிந்துதான் ஆட்டினார் என்று யார் நம்பியிருப்பார்கள்? என் தப்பு அவர் வேலையைக் காப்பாற்றியது என்று சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.