கண்ணாடி ஒயர்

ஒயர் அக்கா முற்றத்துக்கு அடியில் கண்ணாடியைப் புதைத்து வைத்திருக்கிறாளாம், முதல் லாரி ஏறியதுமே நொறுங்கிவிடுமாம். பசை தடவுகிறவளுக்கு அவள் நாத்தனார் சொன்னது. அவள் அதைச் சாப்பாட்டு வேளையில் ஒயர் அக்காவின் காதிலேயே கொண்டுவந்து போட்டாள். நாத்தனாருக்கு யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை. அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எந்த வதந்தியும் முதலாளியின் மைத்துனர் வாயிலிருந்துதான் புறப்படும்.

"கண்ணாடிதான். முடி மாதிரி மெல்லிசு. அதுக்கு மேல ரப்பர், அதுக்கு மேல குழாய், அதுக்கும் மேல ரெண்டடி மண்ணு. நொறுங்குச்சுன்னா அன்னையிலேருந்து என்னை ஒயர் அக்கான்னு கூப்பிடாதீங்க," என்றாள் அக்கா.

பதினோரு வருஷத்துக்கு முன் பில் தட்டச் சேர்ந்தவள். அலுவலகத்தின் இரண்டு கணினிகளை இணைக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவேயில்லை. தானே ஒயரைச் சீவி, எட்டு நிறக் கம்பிகளையும் வரிசையாகச் செருகி, பதினாறு முனைகளைப் பாழாக்கிப் பதினேழாவதில் ஜெயித்தாள். அதன் பிறகு எந்த அறையில் மேசை போட்டாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். "கம்பெனிக்கே நரம்பு இழுக்கிற, நம்ம வீட்டு டியூப்லைட்டு மாசக்கணக்கா மினுக்குது," என்பது அவள் கணவரின் நிரந்தரப் புகார்.

அலுவலகத்துக்கும் வெட்டுக்கூடத்துக்கும் நடுவே செம்புக் கம்பியைத் தொங்கவிடச் சொன்னது மைத்துனர். போன மழையில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. கம்பியின் இரண்டு முனையிலும் இருந்த நெட்வொர்க் பெட்டிகள் கருகிப்போயின. புதுக் கிடங்குவரை இழுக்க வேண்டி வந்தபோது அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். கட்டடம் விட்டுக் கட்டடம் போவதெல்லாம் கண்ணாடி இழைதான். அதில் வெளிச்சம் ஓடும், மின்னல் ஓடாது. முதலாளி அரை மனதாகச் சம்மதித்தார். ஆனால் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கிடங்கின் இருப்பு அவர் மேசைத் திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போகும், அக்கா பழையபடி பில் தட்டப் போவாள்.

வியாழக்கிழமை முழுக்கத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு லாரி ஒன்று முற்றத்தைக் கடந்தது. ஒன்பதே முக்காலுக்குக் கிடங்கின் திரை செத்தது.

மைத்துனர் இரண்டு பேரை மண்வெட்டியோடு கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். கண்ணாடி என்றால் கண்ணாடிதான் என்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்றார். அக்கா மூடிய பள்ளத்தின் மேல் ஏறி நின்றாள்.

"முதல் வெட்டு என் கால்ல விழட்டும், அப்புறம் மண்ணுல விழட்டும்."

மண்வெட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கம்பெனியில் அவர்கள் சம்பளச் சீட்டை அச்சடிப்பதே அக்காவின் ஒயர்தான். மண்வெட்டி சுவரில் சாய்ந்தது. பத்து நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வெட்டுக்கூடத்துக்கு நடந்தாள். அலுவலகத்திலிருந்து வரும் இழையும் கிடங்குக்குப் போகும் இழையும் அங்கிருக்கும் நெட்வொர்க் பெட்டியில்தான் சேர்கின்றன.

பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இழை உடைந்தால் ஒரு விளக்குதான் அணையும். எல்லாம் அணைந்தால் கரண்ட்டே இல்லை என்று அர்த்தம். வயரைப் பிடித்துக்கொண்டே கீழே போனாள். 'பிடுங்காதே' என்று அவள் ஒட்டிய சீட்டோடு பிளக் தரையில் கிடந்தது. அதன் இடத்தில் ஒரு சார்ஜர். சார்ஜரின் மறுமுனையில், தங்க உறை போட்ட போன். காணும் பிளக் பாயிண்ட்டெல்லாம் தன் பாட்டன் சொத்து என்று நினைக்கிற ஆள் அந்தக் கம்பெனியில் ஒருத்தர்தான்.

சார்ஜரைப் போனோடு பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு, தன் பிளக்கைச் செருகினாள். ஒரு நிமிஷத்தில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. கிடங்குக்காரர் எங்கிருந்தோ, "வந்துடுச்சுக்கா!" என்று கத்தினார்.

அப்போது அவள் கையிலிருந்த போன் அலறியது. திரையில் 'அத்தான்' என்றிருந்தது. கண்ணாடி உடைந்ததா என்று கேட்கத்தான் முதலாளி கூப்பிடுகிறார்.

அவள் எடுக்கவில்லை, துண்டிக்கவும் இல்லை. சார்ஜர் வால் போல் தொங்க, எல்லாரும் பார்க்க முற்றத்தைக் கடந்து மைத்துனரிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான் சார். போனை எங்க சொருகி வச்சிருந்தீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க."

மைத்துனரின் கை சட்டைப்பையைத் தடவிவிட்டு அங்கேயே நின்றது. அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.