பொட்டு வைத்த காந்தம்

"...அப்ப நான் உன்கிட்ட வரவே கூடாதாண்ணா?" என்றான், வருடக்கணக்காக என் பக்கத்து லேத்தில் நின்றவன். ஓசூரை அடுத்த தளி ஊர்ப் பக்கத்துக்காரன். முகம் வெளுத்திருந்தது.

நடுக்குவாதத்துக்காக என் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, அதை இயக்கும் கருவியை நெஞ்சில் தோலுக்கடியில் புதைத்திருக்கிறார்கள். வெல்டிங் பக்கம் போகாதே, பெரிய மோட்டாரை ஒட்டி நிற்காதே, வலுவான காந்தம் பட்டால் உன் கருவி நின்றுவிடலாம் என்றார் டாக்டர்; நின்றால் மறுபடி ஓடவிட ஒரு ரிமோட்டும் தந்தார். ஓசூரில் மிஷின் இல்லாத இடத்துக்கு எங்கே போவேன்? கம்பெனியில் என்னை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். கம்பி வலை ஜன்னல் வழியே கையுறையும் டிரில் பிட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை. "கூண்டுல புதுசா ஒண்ணு வந்திருக்கு, கடலை போடுங்கப்பா" என்பான் மதுரைக்கார வெல்டர். இப்படி நாலு பேச்சைக் கேட்கத்தான் நான் வேலைக்கே போனேன். ஆனால் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "ஒரு தடவை இங்க உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்புறம் வீடுதாங்க. என் கையில இல்ல."

ஆயுத பூஜைக்கு மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நான் ஷெட்டுக்குள் காலாற நடக்கலாம். மாலை போட்ட என் பழைய லேத்தைத் தொட்டுக்கொண்டு நின்றேன். "வந்துட்டியாண்ணா!" என்று ஓடிவந்து பக்கத்து லேத்துக்காரன் இவன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் வலது கை ஆடத் தொடங்கியது. பிறகு கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்கிறேன், குரல் எழவில்லை.

"அண்ணனுக்கு அழுகை வருதுடா" என்று இன்னும் இறுக்கினான்.

முன்னால் லேத், பின்னால் கூட்டம். சூப்பர்வைசர் கற்பூரத் தட்டோடு நாலு மிஷின் தள்ளி வந்துகொண்டிருந்தார். எல்லாம் தெரிகிறது, எல்லாம் கேட்கிறது, விலகத்தான் முடியவில்லை. என் உடம்பே என்னை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

"ரி... மோட்" என்று எப்படியோ முனகினேன். இவனுக்கு அது இருக்கும் இடம் தெரியும். ஸ்டோர் ரூமுக்கு ஓடினான். வெல்டர் என்னைப் பார்த்த மாத்திரத்தில் என் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுகிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அண்ணன் வேண்டுதல்ல இருக்காரு சார், கலைக்காதீங்க." சூப்பர்வைசர் என் நெற்றியில் விபூதி இட்டுவிட்டு நகர்ந்தார்.

ரிமோட் வந்து, கருவி மறுபடி ஓடி, நடுக்கம் அடங்கியதும் இரண்டு பேரும் என்னைக் கைத்தாங்கலாக ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுவந்தார்கள்.

"பையில என்னடா வச்சிருக்க?" என்று இவனைக் கேட்டேன்.

புதுச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். இரும்புத் தூளைப் பொறுக்கும் காந்தம். அதுவும் ஆயுதம்தானே என்று காலையில் சந்தனம் குங்குமம் வைத்து, பழக்கதோஷத்தில் பைக்குள் போட்டிருக்கிறான்.

இது என் நெஞ்சில் பட்டுத்தான் கருவி நின்றது என்று சொன்னேன். அப்போதுதான், உன்கிட்ட வரவே கூடாதா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் வெளியே போனான். என் பழைய லேத்தில் காந்தத்தைச் சட்டென்று ஒட்டவைத்தான். பேன்ட் பை இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டபடி திரும்பி வந்து, ஜன்னலுக்கு வெளியே நிற்காமல் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தான்.