இஞ்சிச் சோடா கேட்ட மாப்பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் மட்டக்களப்பிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். செய்தி பெரும்பாலும் தோணித்துறையில்தான் வந்து இறங்கும். அதனால் காலை நேரத்தைத் துறையடிச் சோடாக் கடையில் கழிப்பேன். கடைக்காரர் ஏறாவூர் முஸ்லிம்; அண்ணன் முறையில் எல்லோரும் ‘காக்கா’ என்பார்கள். குடிப்பதைக் கொண்டு ஆளைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர். நன்னாரிச் சர்பத் கேட்பவன் பிறர் பார்ப்பதற்காகக் குடிக்கிறவன். தேசிக்காய்த் தண்ணீரில் உப்புப் போடச் சொல்பவன் வழக்குப் பேச வந்தவன். இவை பல தடவை சரியாக இருந்தன. தவறியவற்றை அவர் நினைவில் வைப்பதில்லை.

காலையில் இஞ்சிச் சோடா கேட்பவனைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை: முதல்நாள் கள்ளுத் தவறணையில் மூக்குமுட்டக் குடித்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாவியில் தோணியேறி வந்த மண்டூர்ப் போடியார் ஒருவர் கடையில் இருந்தார். வயலும் எருமையும் நிறைய உள்ளவர். தங்கை மகளுக்கு அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவரைப் பேசியிருந்தார். நாள் வைக்க வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் போய் இருக்கவேண்டும். ஆகவே தாய்மாமனுக்கு ஆளைப் பிடிக்கவேண்டும்.

அக்கரையில் வேலையாக இருந்துவிட்டுத் தோணியில் வந்து இறங்கிய கிளாக்கர் நேரே கடைக்குள் நுழைந்தார். முகம் வெளிறி, கண் சிவந்திருந்தது.

“காக்கா, கெதியா ஒரு இஞ்சிச் சோடா.”

கடைக்காரர் போடியார் பக்கம் குனிந்தார். “பாத்தீங்களா போடியார்? நான் ஒண்டும் சொல்லல்ல.”

போடியார் கேட்டார்: “தம்பி, நேத்து ராவு எந்தத் தவறணை?”

அப்போதுதான் கிளாக்கர் அவரைக் கண்டார். “தவறணையா? கள்ளு வாசமும் நான் அறியன் மாமா.”

“அப்ப சோடா எதுக்கு?”

“தோணி ஏறினா எனக்கு வயித்தைப் புரட்டும். சின்னனில இருந்தே.”

கடை சிரித்தது. போடியார் சிரிக்கவில்லை. “குடிகாரன் எண்டாலும் திருத்திப்போடலாம். கிழமைக்குக் கிழமை தோணியிலதானே நம்மட ஊட்டுக்கு வரணும்? ஏன் மறைச்சீங்க?”

“சொன்னாப் பொண்ணு தரமாட்டீங்க.”

“இப்ப மட்டும் தருவனா?”

“நீங்க போற தோணியில நானும் வாறன். மண்டூர் போய்ச் சேந்தா நாள் வைங்க.”

“நடுவில சத்தி எடுத்தா?”

“வெளியாலதான் எடுப்பன்.”

“போடியாருக்கு எட்டத்தில இருங்க தம்பி,” என்றார் கடைக்காரர். “புது வேட்டி.”

போடியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோணிக்காரனைக் கூப்பிட்டார். “பொறு. ரெண்டு பேர் வாறம்.”

கிளாக்கர் சோடாவைக் குடித்து முடிக்காமல் பின்னால் போனார். தோணி துறையை விட்டுச் சற்றுத் தூரம் போவதற்குள் அவருடைய தலை விளிம்புக்கு வெளியே தொங்கியது. போடியார் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாம் இருந்த இடத்தை விட்டு எழுந்துபோய், மருமகன் தண்ணீரில் விழாதபடி சட்டைக் கழுத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆவணியில் நாள் வைத்தார்கள்.