பச்சை வராத சென்ட்

என் மனைவியின் சென்டுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. தெளித்தவுடன் பூசணிக் கொடியை முறித்தது போன்ற பச்சைக் கசப்பு. அது பன்னிரண்டு நிமிடம். பிறகு மல்லிகையும் பெயர் தெரியாத சீமைப்பூ ஒன்றும் சேர்ந்து மூன்று மணி நேரம். கடைசியில் மதில் பாசி வெயிலில் காய்கிற மணம். அது புடவையில் மறுநாள் வரை நிற்கும். பிரான்சில் குடியிருக்கும் என் அக்கா விடுமுறைக்கு வந்தபோது கொடுத்தது. இருபத்தாறு வருடத்தில் பாதிப் புட்டிதான் குறைந்திருக்கிறது. கல்யாணத்துக்கு இரண்டு தெளிப்பு, அவ்வளவுதான்.

போன மாதம் பட்டினச்சேரியில் ஒரு கல்யாணம். புறப்படும்போது அவள் கழுத்தில் தெளித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற எனக்குப் பச்சை வரவில்லை.

என் அண்ணனுக்கு முதலில் மூக்குதான் போனது. அடுப்பில் ரசம் தீய்வது தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டே வருடத்தில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கிருக்கும் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை.

சமையலறைக்குப் போனேன். பெருங்காயம் தெரிந்தது. காப்பித்தூள் தெரிந்தது. மூன்றாவதாகக் கொத்தமல்லியைக் கசக்கினேன்; தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. மனைவியைக் கேட்கலாமென்றால் அவளுக்கு இரண்டு நாளாகச் சளி. என் மணிக்கட்டில் ஒரு தெளிப்பு தெளித்து மருமகளிடம் நீட்டினேன்.

"என்ன வாசனை வருது, சொல்லும்மா."

"நல்லா இருக்கு மாமா."

"பச்சையா ஏதாவது வருதா?"

மறுபடி மோந்தாள். "பச்சையெல்லாம் இல்ல மாமா. பழைய பெட்டியத் தொறந்த மாதிரி இருக்கு. கோவிச்சுக்காதீங்க."

எனக்கும் பழைய பெட்டிதான் வந்தது. "நெசமாத்தானே? எனக்காகச் சொல்லலையே?" என்று மூன்று முறை கேட்டேன். அவள் பயந்துவிட்டாள்.

"வெள்ளையடிச்சப்ப நான்தான் மாமா எடுத்து எங்க ரூம் பாத்ரூம் ஜன்னல்ல வச்சேன். டாய்லெட்னு போட்டிருந்துச்சு. அங்க அடிக்கிறதுன்னு நெனச்சு நாலஞ்சு தடவை அடிச்சேன். போன வாரந்தான் திரும்ப அத்தை பீரோவுல வச்சேன்."

புட்டியில் பிரெஞ்சில் 'ஓ தெ துவாலெத்' என்று இருக்கிறது. உடம்பில் தெளிக்கும் நறுமண நீர் என்று பொருள். ஜன்னலில் நேர் வெயில். தை மாதத்திலிருந்து நான்கு மாதம். கெட்டது சென்ட், என் மூக்கு அல்ல.

"கக்கூசுல அடிச்சதையா நான் கழுத்துல அடிச்சுக்கிட்டு நிக்கிறேன்?" என்று மனைவி கத்தினாள்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை.

"உங்க அக்கா ஆசையா குடுத்தது போச்சு, உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

ஆட்டோவில் அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பாதி வழியில் லேசாக மல்லிகை எழுந்தது. அவள் தலையில் வைத்திருந்தது கனகாம்பரம். அதற்கு வாசனை கிடையாது. ஆகவே சென்ட்தான். காற்று திரும்பியபோது அது நின்றது, எனக்கு மறுபடி அண்ணன் ஞாபகம் வந்தது. ஏழு எண்ணுவதற்குள் மறுபடி வந்தது. சொன்னால் இன்னும் திட்டுவாள் என்று, ஒட்டி உட்கார்ந்து மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டேன்.