துரை பங்களாவும் மச்சானின் சிமெண்டும்

போன வாரம் கேம்ப் ரோட்டில் இருக்கும் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். வயிறு சரியில்லை. அறுபதைத் தொட்டவனுக்கு வயிறு சரியில்லை என்பது ஒரு செய்தியே இல்லை, ஆனாலும் என் மனைவி வசந்தி கடுக்காய்ப் பொடி வாங்கி வரும்படி துரத்திவிட்டாள். கடைக்காரர் பாக்கெட்டை நீட்டினார். வெளியே வந்து ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு ஓரத்தைக் கிழித்து முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தேன் என்று கேட்காதீர்கள். அந்தத் துவர்ப்பு வாசனை ஏறியதும் வயிற்று உபாதை மறந்துபோய் கோபம் வந்துவிட்டது. நடுரோட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர், "சார், மயக்கமா கீதா?" என்று விசாரித்தார்.

இதே கடையில், இப்போதிருப்பவரின் அப்பா உட்கார்ந்திருந்த காலத்தில், நான் மாதாமாதம் கிலோக் கணக்கில் கடுக்காய் வாங்கியவன். பொடி இல்லை, முழுக் காய், சாக்குப் பையில். இரண்டு மாதம் மனிதர் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் தராசைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க சார், இவ்ளோ சாப்ட்டா குடல் தாங்காது" என்றார். எனக்கில்லை, வீட்டுக்கு என்றேன். அவர் முகத்தில் கவலை இன்னும் கூடியது. வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார்.

வீட்டுக்கு என்றால் வீட்டுச் சுவருக்கு. கடுக்காயை இடித்து வெல்லத்தோடு தண்ணீரில் போட்டு, நாலைந்து நாள் புளிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் சுண்ணாம்பைக் குழைக்க வேண்டும். தெருவே நாறும். நான் சாராயம் காய்ச்சுவதாகப் பக்கத்துக் காலனியில் பேச்சு இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாராயிற்றே என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டைத் துரை பங்களா என்பார்கள். சேலையூர் ஏரிப் பக்கம், கொக்கு சுட வந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரன் காற்று வாங்கக் கட்டியது. கட்டிய வருஷத்தை வாசலுக்கு மேல் பதித்திருந்தார்கள். அதில் முதல் இரண்டு எண்களைத் தவிர மற்றவை உதிர்ந்துவிட்டதால், ஆளாளுக்கு ஒரு வருஷம் சொல்வார்கள். என் அப்பா தாம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பங்களாவை இடித்து மனை போடலாம் என்று வாங்கிப் போட்டார். இடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். சுவரில் அரச மரம், கூரையில் ஆகாயம், உள்ளே வௌவால் என்று அது என் தலையில் விழுந்தபோது எனக்கு முப்பது வயது. சேலையூரில் ஒரு பள்ளியில் வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் இடித்துவிடச் சொன்னார்கள். சொன்னதற்காகவே இடிக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு குணம், அதை நல்ல குணம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருஷம். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை எல்லாம் அதற்கே போயிற்று. முதல் வருஷம் முழுக்க அரச மர வேர்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து உருவினேன். இழுத்தால் செங்கல்லோடு வரும், அறுத்தால் மறுபடி துளிர்க்கும். பிறகு இரண்டு அறைகளை ஒண்டக்கூடிய அளவுக்குச் சரி செய்து குடிவந்தோம். வசந்தி கண்ணில் தண்ணீரோடுதான் பால் காய்ச்சினாள். மெட்ராஸ் டெரஸ் கூரை தெரியும் இல்லையா, தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்குவது, அதைத் திரும்ப அடுக்க மட்டும் மூன்று கோடை ஆயிற்று. நடு அறைச் சுவருக்கு முட்டையின் வெள்ளைக் கருவைச் சுண்ணாம்பில் கலந்து பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினேன். வெள்ளையெல்லாம் சுவருக்குப் போக, மஞ்சளெல்லாம் எங்களுக்கு வந்தது. மஞ்சள் கருப் பொரியல், மஞ்சள் கருக் குழம்பு. இன்றைக்கும் வசந்தி முட்டை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆனால் அந்தச் சுவர்! சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் மண்பானை மாதிரி ஜில்லென்று இருக்கும். முகம் மங்கலாகத் தெரியும். தலைமுடி சரியாக இருக்கிறதா என்று அதில் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்குக் கிளம்புவேன்.

காலனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சிக்கு வரும்போது வாசலில் நிற்பார்கள். "ஒத்த ஆளா எப்படி சார் பண்றீங்க?" என்பார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார்கள். எனக்கு இப்போதும் அந்த வார்த்தையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒற்றை ஆள் என்றால் என்ன அர்த்தம்? வேறு யாரும் ஏணியைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் அப்போது எனக்கு அது தேனாக இனித்தது என்பதையும் மறைக்கக் கூடாது. வீட்டு வாசலில் இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகை ஒன்றில் என் படத்தைப் போட்டு, ஒற்றை ஆளாகப் பங்களாவை மீட்ட ஆசிரியர் என்று எழுதினார்கள். அதை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பர்ஸில் வைத்திருந்தேன். கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுவேன்.

ஏணி பிடிக்க யாரும் வரவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. வசந்தியின் அண்ணன் கஜேந்திரன் வந்தார். கீழ்க்கட்டளையில் கட்டட கான்ட்ராக்டர். மேடவாக்கம் வரைக்கும் அவர் கட்டிய ஃப்ளாட்டுகள் இன்னும் நிற்கின்றன. ஞாயிறு தவறாமல் பைக்கில் அடுக்கு டிபன் கேரியரோடு வந்து இறங்குவார். இரண்டு ஆள் அனுப்பட்டுமா, நாலு மூட்டை சிமெண்டு போட்டால் ஒரே வாரத்தில் முடித்துவிடலாமே என்பார். வேண்டாம் மச்சான் என்பேன். ஒரு நாள் நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பூச்சுக் கரண்டியை எடுத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டார். சுத்தமான கை, ஒரு மடிப்பு விழவில்லை. நான் ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கினேன். "கைய வைக்காதீங்க மச்சான், இது உங்களுக்குப் புரியாது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மதில் மேல் போய் உட்கார்ந்து, நான் பூசி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் கரண்டியைத் தொடவில்லை.

புரியாது என்றேனே, அதில் புரியாமல் போக என்ன இருந்தது? வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ராவால் ஊதச் சொல்வேன். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் கல்லாகிறது. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று சுவரைக் கரைக்கும் என்பேன். கடைசி பெஞ்சுக்குக்கூடப் புரிந்தது.

பதினோராவது வருஷம் வெளிச்சுவர் வேலை மட்டும் பாக்கி. சாரத்திலிருந்து விழுந்தேன். தொடை எலும்பு இரண்டு துண்டு. ஆபரேஷன் முடிந்து நாற்பது நாள் கீழ்க்கட்டளையில் மச்சான் வீட்டில் கிடந்தேன். பாத்ரூமுக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். முகம் சுளித்ததில்லை. "எலும்பு கூடற வரைக்கும் நீ என் புள்ளடா" என்பார். பகலெல்லாம் காணாமல் போய், சாயங்காலம் சட்டையெல்லாம் சாம்பல் நிறமாக வருவார். கான்ட்ராக்டர் சட்டை வேறு எப்படி இருக்கும்? நான் ஒன்றும் கேட்கவில்லை. வசந்தியும் அண்ணனும் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். அவள் சிரித்தே வெகு நாளாகியிருந்தது, அதனால் அதையும் கேட்கவில்லை.

நாற்பதாம் நாள் கைத்தடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினேன். வாசலில் காலனியே நின்றது. ஆரத்தித் தட்டு. பின்னால் என் வீடு, சந்தன நிறத்தில்.

வெளிச்சுவர் நாலும் சிமெண்டுப் பூச்சு. அதன் மேல், மழையே உள்ளே போகாது என்று விளம்பரம் செய்வார்களே, அந்த பெயிண்ட். மச்சான் தன் சைட் வேலையை நிறுத்திவிட்டு, தன் ஆட்களைக் கூட்டிவந்து, தானும் கரண்டி பிடித்து, ஒரு மாதத்தில் முடித்திருந்தார். மேல் விளிம்பில் இருந்த வளைவுகளைக்கூட விடாமல் நூல் பிடித்தது மாதிரி எடுத்திருந்தார். அவர் செய்த வேலைகளிலேயே உத்தமமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

"எப்டி கீது மாப்ள?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நல்லா இருக்கு மச்சான்" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும் என்று அன்றைக்குத் தோன்றியது. நாற்பது நாள் தூக்கிச் சுமந்தவர். வசந்தி ஆரத்தி சுற்றினாள். காலனிக்காரர்கள் கை தட்டினார்கள்.

முதல் மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். அந்தக் கோடையில் நடு அறைச் சுவரில் உப்புப் பூத்தது. நான் கூழாங்கல்லால் தேய்த்த பளபளப்பு அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. கன்னத்தை வைத்தால் ஈரம். வெளியே தட்டினால் தொப் தொப் என்று வெற்றுச் சத்தம். தினமும் காலையில் தட்டிப் பார்ப்பேன். தட்டிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். மச்சான் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சரியாகப் பேசமாட்டேன். கால் வலி என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இரண்டாவது மழையில், கார்த்திகை மாதம், மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வடக்குச் சுவர் வயிறு உப்பி அப்படியே வெளிப்பக்கம் சரிந்தது. யாருக்கும் அடி இல்லை. உள்ளேயிருந்த சுண்ணாம்பு ஊறவைத்த அரிசி மாவாக வழிந்தது. மச்சானின் சிமெண்டு மட்டும் ஒரே பலகையாக, சந்தன நிறத்தோடு, தரையில் முழுசாகக் கிடந்தது. ஆபத்தான கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு காலை நேரத்தில் ஜேசிபி வந்தது. மதிய உணவுக்குள் முடித்துவிட்டார்கள்.

பழைய வீடு, அவ்வளவுதான் தாங்கும் என்று காலனியில் சொன்னார்கள். தலையில் மரத்தைச் சுமந்துகொண்டு அத்தனை புயலையும் பார்த்துவிட்டு நின்ற வீடு! நாங்கள் சிமெண்டு பூசி அன்பாகப் பார்த்துக்கொண்டது இரண்டு வருஷம், அதைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. எவனாவது 'பழைய வீடு' என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். பதினேழு வருஷமாக அப்படி எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.

இந்தத் தையில் ஊரப்பாக்கத்தில் மச்சான் மகள் ஃப்ளாட் வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தாள். பந்தியில் மச்சான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: துரை பங்களாவுக்குத் தான் மட்டும் சிமெண்டு பூசியிருக்காவிட்டால் முந்தின வருஷமே விழுந்திருக்கும் என்று. வருஷா வருஷம் சொல்வதுதான். அன்றைக்கு எனக்கு என்ன ஆயிற்றோ, பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றுவிட்டேன்.

"விழுந்ததே உங்க சிமெண்டாலதான் மச்சான்."

வசந்தி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. சுண்ணாம்பு, ஈரம், உப்பு என்று வகுப்பில் சொல்வதை எல்லாம் பந்தியில் சொல்லி முடித்தேன். பாயசம் கொண்டுவந்தவர் அப்படியே நின்றார்.

மச்சானுக்கு இப்போது எழுபது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, என்னை மாடிப்படிக்கு அழைத்துப் போனார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"வந்து எறங்குன அன்னிக்கே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுகினேதான் நல்லா இருக்குன்னியா?"

அவர் படியில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே ஆள வெச்சுக் கொத்தி எடுத்திருப்பேனே மாப்ள. புதுப் பூச்சு, நாலு நாள் வேல. ரெண்டு வருசம் இருந்துச்சுல்ல நடுவுல? எப்ப சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பேனே."

பிறகு அவர் உள்ளே போய், விருந்தாளிகளுக்குத் தாம்பூலப் பை கொடுக்க ஆரம்பித்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

துரை பங்களா இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி நிற்கிறது. இரண்டாவது மாடியில் நாங்கள் இருக்கிறோம். வடக்குச் சுவர் இருந்த இடம் பைக் நிறுத்துமிடம், பத்து பைக் நிற்கும். அந்த வீட்டின் ஒரு செங்கல்கூட என்னிடம் இல்லை. வீடு போன பிறகு மச்சான் மேல் இருந்த கோபம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைப் பதினேழு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். தையிலிருந்து அதுவும் அவர் மேல் இல்லை, என் மேல்தான்.